தலைகீழ்க் கொக்கு

"ஓட்டல் ரூம் எப்படியிருக்கு, அபாங்?" என்று கேட்டேன்.

வேலை விஷயமாகக் குவாந்தான் நகருக்குப் போயிருந்த, நான் 'அபாங்' என்று அழைக்கும் என் கணவர் ஷம்சுரி, செல்போன் திரையில் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். தலைக்குப் பின்னால் பச்சை வால்பேப்பரில் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நின்றன.

"பிரமாதம் ரோஸ்! ஆனா கண்ணுதான் உன்னைத் தேடுது. தனியா இருக்கியா?"

"ஆமா. துணைக்கு அடுத்த தெரு ஹஸ்லினாவைக் கூப்பிட்டேன். தலைவலின்னு வரமாட்டேன்னுட்டா."

"உன் உயிர்த்தோழியாச்சே, பாவம். தொந்தரவு பண்ணாதே, தூங்கட்டும்."

"வால்பேப்பர் அழகா இருக்கே!"

"பெரிய ஓட்டல் இல்லையா? வெளிநாட்டுச் சரக்கா இருக்கும்."

"உங்க காதுக்குப் பக்கத்துல ஒரு பட்டையை மட்டும் தலைகீழா ஒட்டியிருக்காங்க பாருங்க. கொக்கெல்லாம் காலை மேல தூக்கிட்டுத் தொங்குது."

அவர் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, ஆமா! எந்த முட்டாள் ஒட்டினானோ? தூங்கிக்கிட்டே ஒட்டியிருப்பான்!"

"தூங்கலை. பக்கத்துல பசை தடவினவ சிரிக்க வச்சுக்கிட்டே இருந்தா. அதுல கவனிக்கலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பிரிச்சு ஒட்டித் தரேன்னுதான் சொன்னேன். 'விடு ரோஸ், என் பெட்ரூம் சுவத்தை என்னை விட்டா வேற யாரு பாக்கப்போறா'ன்னுட்டா."

அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"போனை ஹஸ்லினாகிட்ட குடுங்க, அபாங். தலைவலி எப்படியிருக்குன்னு கேக்கணும்."