பழுத்த செர்ரி

காலை ஆறரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். காபி போடாமல், கோப்பையில் சிவப்பு பர்கண்டி ஒயினை ஊற்றினான். ஒரு மாதமாக இதுதான் வழக்கம். விழுங்குவதில்லை, மோந்து, ருசித்து, துப்பிவிட்டுக் குறிப்பு எழுதுவதோடு சரி.

"செர்ரி. அப்புறம் மழையில நனைஞ்ச மண்ணு."

"புளிப்புச் செர்ரியா, பழுத்ததா?" மனைவி விடவில்லை.

"பழுத்தது. கடைசியில லேசா காளான்."

"நிச்சயமா? இன்னைக்குச் சொதப்பினா வேலை போயிடும்."

"தெரியுது. நீ வேற பயமுறுத்தாத."

பத்து மணிக்கு ஒயின் நிறுவனத்தில், இதே பர்கண்டியை முதலாளி முன்னால் ருசித்துக் குறிப்பு எழுத வேண்டும்.

பத்து மணிக்கு அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். திறந்த கதவு வழியே, கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்த மனைவி தெரிந்தாள். காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து அவளுக்கு வாசனையே தெரியவில்லை. அங்கே அது யாருக்கும் தெரியாது. காலையில் அவன் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதிக் கொடுத்தாள்.

முதலாளி படித்தார்.

"பழுத்த செர்ரியா? ஒரு மாசமா உன் குறிப்பு எதுவும் சரியில்லைன்னுதான், இன்னைக்குக் கெட்டுப்போன பாட்டிலா பாத்து ஊத்தினேன். ஈர அட்டைப்பெட்டி மாதிரி நாறுது. மூக்க எங்கம்மா அடகு வச்ச?"

அவன் பதறி எழுந்தான். அவள் பேனாவை மூடிவைத்தாள்.

"என் மூக்கு போயிடுச்சு சார். வெளிய என் வீட்டுக்காரர் இருக்காரு. அவரைக் கூப்பிட்டு நல்ல பாட்டிலைக் குடுத்துப் பாருங்க. நான் பழக்கின மூக்கு அது."