நாலாம் கொட்டகை

டாக்டர் யுவனேஸ்வரி தாளில் ஐந்து மருந்துகளின் பெயரை எழுதி, முதல் நான்கின் குறுக்கே கோடு போட்டார்.

"இந்த நாலுக்கும் ஆன்ட்டி கால்ல இருக்கிற கிருமி சாகல, அங்கிள். மிச்சம் இது ஒண்ணுதான். காலையில ஏத்த ஆரம்பிச்சிட்டோம். கேக்குமா கேக்காதான்னு லேப் ரிசல்ட் சாயங்காலம்தான் வரும்."

கமலநாதன் தாளை வாங்கி ஐந்து பெயர்களையும் தடுமாறாமல் வாசித்தார். மருந்துக்கடைக்காரர்களே ஒரு தடவை மூச்சு வாங்கிவிட்டுச் சொல்லும் பெயர்கள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

கமலநாதன், தான் செடெனாக் ஊர்ப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருப்பதைச் சொன்னார். பத்தொன்பது வருடமாக இந்த மாதிரி மருந்துகளைக் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிறவர் அவர்தான்.

"பண்ணைக் கோழி வீட்டுல சாப்பிடுவீங்களா?"

"தொடவே மாட்டோம், டாக்டர். எங்களுக்குக் கம்பத்து நாட்டுக்கோழிதான்."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தீபாவளிக்கு முதலாளி சும்மா கொடுக்கும் நாலு கோழியையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுகிறவர் அவர். அந்த வீட்டில் அவரைப் பெரிய தர்மவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வார்டில் அவர் மனைவி உமாதேவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வலது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது. பத்து நாளைக்கு முன் தோட்டத்தில் மண்வெட்டி பட்ட காயம், விரல் நகம் அளவுகூட இல்லை. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு, மீதி வேலையையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

அவர் நாற்காலியை இழுத்த சத்தத்தில் கண் திறந்தாள்.

"என்னங்க, கீரைக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கீரைப் பாத்தி. அன்றைக்கு அவள் வெறுங்காலோடு நின்று மண்ணோடு கொத்திக் கலந்துகொண்டிருந்தது கோழி எரு. பண்ணை எரு.

கோழியை வாசற்படி ஏறவிடாதவர், எருவை மட்டும் காரில் ஏற்றித் தன் கையாலேயே கொண்டுவந்து போட்டிருந்தார். எரு என்றால் செடிக்குத்தானே என்று இருந்துவிட்டார்.

மருந்து கொடுத்த கோழியின் எச்சத்தில், அந்த மருந்துக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சியிருக்கும். கால்நடை அதிகாரி ஒரு கூட்டத்தில் சொன்னது. அன்றைக்குக் கமலநாதன் பின்வரிசையில் உட்கார்ந்து, தேநீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்திட்டேன்," என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தார். பயந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, யோசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

யோசித்தார்.

முதல் நான்கு மருந்தும் பண்ணையின் ஆறு கொட்டகைக்கும் போனவை. ஐந்தாவது அப்படியில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நாலாம் கொட்டகையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, முதலாளி எங்கிருந்தோ யாருக்கும் தெரியாமல் வாங்கி வந்தது. அந்த ஒரு கொட்டகைக்கு மட்டும்தான் கலந்தார். மூன்றே நாளில் சாவு நின்றது.

அப்படியானால் எரு வேறு எந்தக் கொட்டகையிலிருந்து வந்திருந்தாலும் அவள் பிழைத்தாள். ஐந்தாவது மருந்து கேட்கும். ஆறில் ஐந்து பங்கு நல்லதுக்குத்தான் இடம் இருக்கிறது. முருகா, அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கட்டும்.

எருவை மூட்டை கட்டிக் கொடுத்தது செல்வா. பன்னிரண்டு வருடமாகக் கொட்டகைகளைச் சுத்தம் செய்கிறவர். உமாதேவி என்றால் அவருக்கு உயிர். மதியச் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு டப்பா சேர்த்து அனுப்புகிறவள் அவள்.

இரண்டாவது தடவை அழைத்தபோதுதான் செல்வா போனை எடுத்தார். கமலநாதன் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"போன தடவ வீட்டுக்குக் கட்டிக் குடுத்த எரு, எந்தக் கொட்டகையில எடுத்தது செல்வா?"

"நாலாம் கொட்டகதாண்ணே," என்றார் செல்வா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "புது மருந்து போட்டப்புறம் அங்க ஒரு கோழிகூடச் சாகலியே. அண்ணி தோட்டத்துக்காச்சேன்னு நல்ல எருவாப் பாத்துக் கட்டினேன்."

கமலநாதன் வார்டுப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நர்ஸ் ஐந்தாவது மருந்தின் அடுத்த பையை உமாதேவியின் தலைமாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு மூட்டையும் கட்டி வச்சிருக்கேண்ணே. எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?"