பந்து தட்டும் நெட்டையன்

"ஒட்டகத்துக்கு எதுக்குடா பந்து தட்டுற வேலை?"

திண்டிவனத்தில் பேஸ்கட்பால் போட்டி. யாரோ கத்த, கூட்டமே சிரித்தது.

ஜாக்குலினுக்கு மட்டும் அந்த நெட்டையன்மேல் ஆத்திரமாக வந்தது.

லூர்துநாதன் ஆறடி ஆறு அங்குலம். கூடைக்குக் கீழே நின்று, வரும் பந்தைப் பிடித்துப் போட வேண்டிய ஆள். பந்தைத் தட்டிக்கொண்டு வருவது அவள் கணவன் மரிய அருணின் வேலை. விழுப்புரம் கம்பெனி டீமில் எட்டு வருஷமாக, போன வருஷம் தொண்ணூற்றேழு வரைக்கும், அப்படித்தான்.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழ். முதுகை வளைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு லூர்துநாதன் தட்டி வருகிறான். அருண் ஓரமாக ஓடுகிறான், சும்மா கூட வந்தவன் மாதிரி.

இரண்டு முறை பந்து பறிபோனது. எப்படியோ மூன்று பாயிண்டில் ஜெயித்தார்கள்.

கோச் விருத்தாசலம் பிடித்துக்கொண்டார். "உசரமான ஆளு மேல பாத்து ஆடாம, தரையில என்னடா தேடிக்கினு இருக்கிற? எத்தினி வாட்டி சொல்றது?"

"ஆசையா இருக்குது சார்."

"ஆசையாம்ல!"

ஜாக்குலினும் விடவில்லை. "அண்ணே, எங்க வீட்ல எத்தினி நாள் சாப்ட்டிருப்பீங்க? எங்க வீட்டுக்காரரு பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு இப்படிப் பண்றீங்களே!"

லூர்துநாதன் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதாம்மா."

அருண் பக்கத்திலேயே நின்றான். பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அருணின் வலது கையில் வைத்தாள் ஜாக்குலின். அது நழுவி விழுந்தது. அவனோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் விரலைப் பிடித்துக் கிள்ளினாள். திரும்பவே இல்லை.

"என்னங்க இது?" பதறினாள்.

"மூணு விரல் மரத்துப்போச்சு. ரெண்டு மாசமா. நரம்புக் கோளாறு. கொஞ்ச நாள்ல சரியாயிடும்ன்றாரு டாக்டரு. நீ பயந்துடுவன்னுதான் சொல்லல."

"கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா டீம்ல இருந்து எடுத்துடுவாங்க. பந்து ஆடத்தான கம்பெனியில வேலையே குடுத்தாங்க, டீம் போனா வேலையும் போயிடும். லூர்துகிட்ட மட்டும்தான் சொன்னேன். 'நான் தட்டிக்கினு வர்றேன், நீ கம்முனு கூட ஓடியா'ன்னுட்டான். பாவம், தட்டவே தெரியாது அவனுக்கு. தெனம் விடியக்காலையில என்கிட்டதான் கத்துக்கிறான்."

நாலு சீட் முன்னால், நீண்ட கால்களை நடைவழியில் நீட்டி, லூர்துநாதன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜாக்குலின் அவனையே பார்த்தாள். "நல்லா தட்டுறவங்க டீம்ல வேற யாருமே இல்லீங்களா? அண்ணன் ஏன் போயி ஊரு சிரிக்க..."

"இருக்காங்க. நானும் அதத்தான் கேட்டேன். 'நல்லா தட்டுறவன் வந்தா உன் எடம் அவனுக்குப் போயிடும்டா. நான் தட்டுனா எனக்குத் திட்டு மட்டும்தான் வரும்'னான்."