வேப்பமரத்துச் சங்கிலி

சாந்தியின் வாயெல்லாம் ரத்தம். கழுத்தில் அறுந்த கயிறு தொங்க, அந்தக் கறுப்பு நாய் அடி அண்ணாமலைத் தெருவின் நடுவே மூச்சிரைக்க நின்றிருந்தது.

ராஜமாணிக்கத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. "உம் பொண்ணு கைய நாய் கடிச்சிடுச்சுப்பா. உம் பொண்டாட்டி வினோதினி ஆட்டோல பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்குது" என்று எதிர்வீட்டுக் கண்ணாயிரம் போனில் சொன்னதுமே, உரக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவர் அவர். எந்த நாய் என்று கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரி விட்டுப்போன ராட்வீலர் என்கிற சீமை நாய் அது. பக்கத்து வீட்டு எழிலரசி பாவம் பார்த்துக் கொண்டுவந்து வளர்த்தாள். அந்த ரக நாயையே தடை செய்யவேண்டும் என்று ஊராட்சிக்கு மனு எழுதி, இரண்டு மாதமாக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார் ராஜமாணிக்கம். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"எங்க வீரனும் நாய்தான். ஒருநாளாவது கட்டிப் போட்டிருப்பனா? நாட்டு நாயோட கொணம் அது!" என்று போகிற வீட்டிலெல்லாம் மார்தட்டுவார். வீரனுக்கென்று வாங்கிய இரும்புச் சங்கிலி வாசல் வேப்பமரத்தில் துருவேறித் தொங்கியது. இப்போது அதைத்தான் உருவிக்கொண்டார்.

முதல் அடியில் முதுகுத் தோல் கிழிந்தது. இரண்டாவதில் முன்னங்கால் முறிந்தது. நாய் ஊளையிட்டுச் சுருண்டதே தவிர, திருப்பிப் பாயவில்லை. அதையெல்லாம் பார்க்கிற கண்ணா அப்போது அவருக்கு?

எழிலரசி அலறிக்கொண்டு வந்து நாயின் மேல் கவிழ்ந்தாள். "வேணாண்ணா! அது யாரையும் கடிக்காதுண்ணா!"

"எட்டப் போ எழிலு! எம் பொண்ணு கையப் பிச்சிருக்குது, இன்னும் பேசறியா?"

அடுத்த வீச்சில் அவள் தோளிலும் ரத்தம் பீறிட்டது. அவளை இழுத்துத் தள்ளிவிட்டு, நாயின் மண்டையில் ஓங்கி ஓங்கி அடித்தார். கடைசியில் அது அசைவில்லாமல் கிடந்தது.

ஆட்டோ வந்து நின்றது. கையில் பெரிய கட்டோடு ஒன்பது வயது ஆர்த்தி இறங்கினாள். அவளைப் பார்த்ததும் ராஜமாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரு கண்ணு! உன்னக் கடிச்சத அப்பா என்ன பண்ணிட்டேன் பாரு!"

ஆர்த்தி பார்த்தாள். அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடி, செத்துக் கிடந்த சாந்தியைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"இது கயித்த அறுத்துனு வந்து என்னக் காப்பாத்துச்சுப்பா!"

அவர் கையில் சங்கிலி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அழுகையினூடே அதைக் காட்டினாள்.

"அதுல நம்ம வீரனக் கட்டுப்பா. அவன்தான் என்னக் கடிச்சான்."