பறிமுதல் பதிவேடு

தலைமையாசிரியையின் மேசைமேல் இருந்த செல்போனைப் பெரியவர் பார்த்தார். உடனே பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனின் பின்பக்க விரிசல்மேல் ஒரு பிளாஸ்திரி, கோணலாக.

அதை ஒட்டியது அவர் கைதான்.

மகன் புதுப் போன் வாங்கித் தந்த அன்று இதை அணைத்து, மஞ்சள் பையில் சுற்றி, பீரோவில் வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

எடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பேத்தி கோமதி எதிரே நிற்கிறாள். தலை நிமிரவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் பேச்சித்தாய். ஒன்பதாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

தலைமையாசிரியை அவருக்கு நாற்காலி போட்டிருந்தார். பேச்சித்தாயின் அம்மா கதவோரம் நின்றாள். பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். விரல்களில் புகையிலைத் தூள்.

"ரெண்டு வீட்டையும் கூப்பிடணும்னு விதி, அய்யா. அதான் உங்கள அலைய வச்சிட்டோம். மத்தபடி கோமதிக்கு இதுல ஒண்ணுமில்ல. போன் அந்தப் பிள்ள பையிலதான் இருந்துச்சு."

"எங்க வீட்ல இருக்கதே ஒரு போனு, டீச்சர்" என்றாள் பேச்சித்தாயின் அம்மா. "அதயும் அவுக லாரிக்குக் கொண்டு போயிட்டாக."

"அப்ப இது வானத்துலருந்து விழுந்துச்சாக்கும்."

அவள் விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பேச்சித்தாய் கோமதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீள நோட்டு ஒன்று மேசைக்கு வந்தது. வகுப்பில் பிடிபட்ட பொருளைப் பெற்றோரே தம் கையால் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு கட்டங்கள். மாணவர் பெயர், வகுப்பு, பொருள், பெற்றோர் கையொப்பம்.

ஆடி மாதமே பேச்சித்தாய் பேரில் ஒரு வரி ஏறியிருந்தது. பொருள், நகப்பூச்சு.

"ரெண்டாவது தடவன்னா டி.சி.தான்மா. எல்லாருக்கும் ஒரே விதி. எழுதுங்க."

பேச்சித்தாயின் அம்மா பேனாவை வாங்கினாள். பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள்.

பெரியவர் சாய்ந்து உட்காரவில்லை. எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை.

காலையில், இட்லித் தட்டின் முன் உட்கார்ந்து மருமகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"நம்ம வீட்டுப் பேரு அந்த நோட்டுல ஏறாது. எங்க காலத்துல ஏது இந்தச் சனியன்லாம். வாத்தியார் மூஞ்சியத் தவிர வேற எதயும் பாத்ததில்ல."

இதே பள்ளிக்கூடம். இதே ஒன்பதாம் வகுப்பு. ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது.

வாத்தியார் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மேசைக்கடியில் புளியங்கொட்டை. முன் பெஞ்சுக்காரன் சட்டையில் மைத்துளி. ஓட்டுச் சந்தில் அணில்.

பிறகு, அப்பாவின் சவரக் கண்ணாடி உடைந்தபோது எடுத்து வைத்துக்கொண்ட சில்லு.

ஜன்னல் வெயிலை அதில் பிடித்தார். வெளிச்சம் சுவரில் ஏறியது. இந்திய வரைபடத்தில் இமயமலையைத் தாண்டியது. புவியியல் சார் வழுக்கையில் போய் உட்கார்ந்தது.

வகுப்பே சிரித்தது.

சார் திரும்பினார். சில்லு இன்னும் இவர் கையில் இருந்தது. சார் அதைப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, புதுக் கட்டிடத்தையும் பார்த்தார். அதைக் கட்டிக் கொடுத்தவர் இவருடைய அப்பா. பெயர் செதுக்கிய கல்லில் பூசிய சாந்து அப்போது காயக்கூட இல்லை.

"எந்திரில, செல்லையா" என்றார் சார், பக்கத்தில் இருந்தவனிடம்.

செல்லையா எழுந்தான். கையை நீட்டினான். அடி வாங்கும்போது இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவன் அப்பா மூட்டை தூக்கும் துண்டோடு வந்து, ஏதோ ஒரு நோட்டில் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாளிலிருந்து செல்லையா வரவில்லை.

இவரும் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

"இந்த எடத்துலயா டீச்சர்?" என்றாள் பேச்சித்தாயின் அம்மா.

அவர் எழுந்தார். முழங்கால் பிடித்தது. மேசையைப் பற்றிக்கொண்டார்.

"பேனாவக் குடும்மா."

அவள் தலைமையாசிரியையைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

"போன் எங்க வீட்டுது. அந்தப் பிளாஸ்திரி நான் ஒட்டுனது."

கோமதி நிமிர்ந்தாள்.

தலைமையாசிரியை குரலைத் தணித்துக்கொண்டார். "அய்யா, சின்னப் பிள்ளைங்க விஷயம். நோட்டுல கீட்டுல எதுக்கு? நாம பேசி முடிச்சிக்கிடலாம்."

அவர் குனிந்து எழுதினார். கோமதி. ஒன்பது. செல்போன். கையெழுத்து.

எழுதி முடித்ததும் பேனாவைத் திருப்பித் தருவார் என்று பேச்சித்தாயின் அம்மா கையை நீட்டினாள்.

அவர் அடுத்த வரியைத் தொடங்கியிருந்தார்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். "அய்யா, அது மாணவர் பேரு எழுதுற எடம். உங்க பேர எழுதுறீங்க."

"தெரியும்மா."

வகுப்பு, ஒன்பது. பொருள், கண்ணாடிச் சில்லு.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. பெற்றோர் கையொப்பம்.

அவர் தலையைத் தூக்கினார்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டிடச் சுவரில், அப்பாவின் பெயர் செதுக்கிய கல்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.