மலேங்காவுக்கு ஓர் இயக்குநர்

“தலைவர் நேர்ல வந்திருக்காரா, இல்ல டிவியிலதான் முகம் காட்டுவாரா?” என்று கேட்டாள் இனோங்கே.

வரவேற்பறைப் பெண் சிரித்துவிட்டாள். “நேர்லதான் மேடம். பூங்கா இயக்குநர் வேலையாச்சே, ஆளை நானே பாத்துத்தான் எடுப்பேன்னு சொல்லிட்டார். பயமா இருக்கா?”

“கொஞ்சம்” என்றபடி இனோங்கே இரவல் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலையிலிருந்து உள்ளே போன பத்துப் பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவள்தான் கடைசி.

தலைநகர் லுசாகாவில் ஏழாவது மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மலேங்கா தேசியப் பூங்கா அறக்கட்டளையின் தலைவர் சிகோட்டாவும், பணம் கொடுக்கும் வெளிநாட்டு அமைப்பின் ஆள் ரூலோஃபும் இருந்தார்கள். சிகோட்டா அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“வனக் காவலரா பன்னெண்டு வருஷம், தலைமை வார்டனா ஆறு வருஷம். தோள்ல குண்டு வேற வாங்கியிருக்கீங்க.”

“ஆமா சார். சுட்ட கள்ள வேட்டைக்காரன் இப்ப காவலரா இருக்கான். நான்தான் சேத்துவிட்டேன்.”

ரூலோஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிகோட்டா அசரவில்லை. “மலேங்காவுல துப்பாக்கி தூக்கின ஆம்பளைங்க இருநூறு பேர். அத்தனை பேரையும் ஒரு பொம்பளையா மேய்ச்சுடுவீங்களா?”

“மேய்க்கிறது மாட்டை சார். காவலருக்கு முன்னால நடந்தாப் போதும், பின்னால வருவாங்க.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வரைபடத்தை அவள் பக்கம் நகர்த்தி, வடக்கு மூலையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் மூன்று ஊர்கள் இருந்தன.

“மழைக்கு முன்னாடி இந்த மூணு ஊரும் காலியாகணும். யானை போற வழி.”

“யானை போற வழி ஆத்துக்கு அந்தப் பக்கம் சார். இந்தப் பக்கம் டூரிஸ்டுக்குக் கூடார விடுதிதான் வரப்போகுது. உங்க ஆளுங்க கல் நட்டிருக்காங்க, நான் போய்ப் பாத்தேன்.”

ரூலோஃப் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது புதிய செய்தி போலிருந்தது.

“வேலை கேட்டு வந்தவங்க இப்படிப் பேசி நான் பாத்ததில்லை” என்றார் சிகோட்டா.

“கேட்டீங்க, சொன்னேன். போன வறட்சியில தீ பிடிச்சப்போ மூணு நாள் நின்னு அணைச்சது அந்த ஊர்ச் சனங்கதான். பூங்கா ஜீப் நாலாம் நாள்தான் போய்ச் சேந்துச்சு. அவங்களைத் துரத்திட்டா அந்தக் காட்டை யார் பாத்துக்குவா?”

“அவங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்களாமே?” என்று ரூலோஃப் மெல்லக் கேட்டார்.

சிகோட்டா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “போயி ஒரு வருஷம் ஆச்சு, கேஸ் ஒரு அங்குலம் நகரலை. காகிதத்தைத் தூக்கிட்டுக் கண்டவனும் வந்து என்னைப் பாத்துட்டுப் போக என் வீடு என்ன சந்தையா? அதை விடுங்க.” அவள் பக்கம் திரும்பினார். “மேடம், உங்க நெஞ்சழுத்தம் எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க போய்ச் சொன்னா அந்தச் சனங்க கேட்பாங்க. உங்க பாஷை, உங்க ஆளுங்க. வெளியே உக்காந்திருக்கிற பத்துப் பேராலயும் அது ஆகாது.”

கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நியமனக் கடிதம். வெற்றிடத்தில் அவள் பெயரைத் தம் கையாலேயே எழுதி நீட்டினார்.

“வீடு, வண்டி, நினைச்ச நேரம் பறக்கக் குட்டி விமானம். மலேங்கா உங்க கையில. அந்த மூணு ஊர் மட்டும் என் கையில. சம்மதமா?”

இனோங்கே கடிதத்தை இரண்டு கைகளாலும் வாங்கினாள். பதினெட்டு வருடமாக முள்ளிலும் சேற்றிலும் நடந்தபோதெல்லாம் இப்படியொரு காட்டை எப்படி வைத்துக்கொள்வோம் என்று யோசித்துக்கொண்டே நடந்தவள் அவள். எங்கே குளம் வெட்டலாம், எந்தச் சரிவில் வரிக்குதிரைகளைத் திரும்பக் கொண்டுவிடலாம் என்பதுவரை மனத்தில் இருந்தது. முதல் வரியில் இருந்த தன் பெயரை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள்.

பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். பையிலிருந்து மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“முதல்ல இதை வாங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

“பாத்தீங்களா, நமக்கே நிபந்தனை போடுறாங்க” என்று ரூலோஃபிடம் கண் சிமிட்டினார் சிகோட்டா. “வீடு பெருசா வேணுமா? போட்டாப் போச்சு.” மேலே இருந்த தாளில், அவள் விரல் காட்டிய இடத்தில் பெயரும் தேதியுமாகக் கையெழுத்து விழுந்தது.

அவள் அந்தத் தாளை மட்டும் உருவிப் பையில் பத்திரப்படுத்தினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். ரூலோஃப் மிச்சக் காகிதங்களைத் தம் பக்கம் இழுத்து வாசித்தார். பாதி வாசித்தவர் அதைத் தலைவர் பக்கமே தள்ளிவிட்டார்.

“மேடம், உக்காருங்க. கடிதத்துல இன்னும் நீங்க கையெழுத்துப் போடலையே” என்றார் சிகோட்டா.

கதவருகே போன இனோங்கே திரும்பி நின்றாள்.

“நான் வேலைக்கு வரலை சார், மூணு ஊருக்காகச் சம்மன் கொடுக்க வந்தேன்.”