மிஹாரு எடுத்த சீட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பேரிக்காய்க் கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் இசுமி அக்கா சொன்னது. கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

அக்காவின் மகள் மிஹாரு இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோர் வந்து பாடத்தைப் பார்க்கும் நாள் அன்று. எல்லாரும் வெளிச் செருப்பை மாற்றிக்கொண்டு வகுப்பின் பின்சுவரோரம் நின்றார்கள்.

வாய்ப்பாட்டு விளையாட்டு. விடை எழுதிய சீட்டுகள் தரையில் பரப்பியிருந்தன. அன்று வாசிக்கும் முறை வந்த பிள்ளை "மூவெட்டு!" என்று வாசித்தால், 24-ஐ முதலில் தட்டுகிறவருக்கு அந்தச் சீட்டு. ஒவ்வொரு பிள்ளையும் உஷிஜிமா டீச்சரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும்.

மிஹாருவின் வகுப்புத் தோழன் ஷுன் ஒன்பது சீட்டு எடுத்தான்.

"அடடா, விட்டுட்டேனே!" டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சருக்கு வயசாயிடுச்சு!" என்று ஷுன் கத்த, வகுப்பே சிரித்தது.

"மிஹாரு, வாம்மா."

மிஹாரு எதிரில் உட்கார்ந்ததும் டீச்சர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார். முட்டி போட்டு உடம்பை முன்னால் சாய்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஆறெட்டு!"

படீர்! 48 பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. டீச்சரின் கை.

"நாலேழு!"

படீர்! மறுபடியும் டீச்சர்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. மிஹாருவின் பக்கம் ஒரு சீட்டும் இல்லை.

ஷுனின் அம்மா குனிந்து, "உங்க பொண்ணு மேல டீச்சருக்கு ஏதாவது கோவமா? எங்க ஷுன்கிட்ட எவ்வளவு அன்பா ஆடினாங்க!" என்றாள்.

இசுமி அக்காவுக்குக் காது சுட்டது. தினமும் இந்த ஆட்டம் ஆடிவிட்டு மிஹாரு வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, "இன்னைக்கும் எல்லாச் சீட்டும் டீச்சருக்குத்தாம்மா" என்று சொல்வது ஞாபகம் வந்தது. இன்றைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து, பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

தரையில் மூன்றே சீட்டு மிச்சம். 25, 42, 81.

"ஒன்ப..."

இரண்டு கைகளும் ஒன்றாகப் பாய்ந்தன. டீச்சரின் கை மிஹாருவின் கைமேல் விழுந்தது. மிஹாருவின் கைக்கு அடியில் 81.

"ஏய், இன்னும் முழுசா வாசிக்கவே இல்ல. கள்ளாட்டம்!" என்றான் ஷுன்.

"மத்த ரெண்டும் ஒன்பதாம் வாய்ப்பாட்டுல வராதுடா, மண்டு" என்றாள் மிஹாரு.

கடைசி இரண்டும் டீச்சருக்கே போயின. மிஹாரு தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினாள். டீச்சரும் அதே அளவு குனிந்தார்.

மணி அடித்ததும் இசுமி அக்கா நேராக டீச்சரிடம் போனார்.

"மத்த பிள்ளைங்களுக்கு எவ்வளவோ விட்டுக்கொடுத்தீங்க. என் பொண்ணை மட்டும் ஏன் எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணீங்க?"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சுடுங்க. அவளேதான் கேட்டா. முதல் வாரம் ஜெயிச்ச சீட்டையெல்லாம் எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டா. 'டீச்சர், உங்க கை பாதி வழியில நிக்குது. எனக்கு நிஜ ஆட்டம்தான் வேணும்'னு சொன்னா. அதுக்கப்புறம் அவகிட்ட நடிக்க எனக்கு மனசு வரல. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நாளையிலிருந்து நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க டீச்சர்!" மிஹாரு பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நான் ஒண்ணு எடுத்தேனே, பார்த்தியா? ஒண்ணு!"

"ஷுன் ஒன்பது எடுத்தான்டி."

"அது அவங்க குடுத்தது."

இசுமி அக்கா தலைமையாசிரியர் அறைப் பக்கம் போகவில்லை. ஆனாலும் என்னிடம் இதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. "ஒரு சீட்டு எடுத்ததுக்கு ராத்திரியெல்லாம் குதிக்குது. இதுல பெருமைப்பட என்ன இருக்கு, சொல்லு?"

அதற்கு விடை தெரியாமல் இதை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழம்பாட்டை ஒருவர் வாசிக்க, மீதி வரி உள்ள சீட்டைப் பாய்ந்து தட்டி எடுக்கும் ஆட்டத்துக்கு எங்கள் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. டீச்சர் சனிக்கிழமைதோறும் அங்கே போவதாகக் கேள்விப்பட்டு, நானும் போய் விசாரித்தேன்.

"உஷிஜிமாவா? மாகாணப் போட்டியில நாலு வருஷமா அவங்கதானே முதல்!" என்றார் சங்கச் செயலாளர். மேலும் ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் வேலைக்குப் போனதும் முதலில் அதை இசுமி அக்காவிடம் சொன்னேன்.

இந்த வருடம் அந்தச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். உஷிஜிமா டீச்சரிடமிருந்து ஒரே ஒரு சீட்டாவது எடுத்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை.